கட்டம் கடந்த எழுத்து

கொள்ளுப்பிட்டியிலே, பெயரைச் சொல்ல வேண்டாத ஒரு கந்தோரில், சில மாதங்களுக்கு முன் ஒரு முற்பகலைக் கழிக்க நேர்ந்தது. எனக்கு முன்னே நின்ற முதியவர் ஒருவர் படிவமொன்றை நிரப்பிக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர் என்பது அவருடைய கையெழுத்தின் ஒழுங்கிலேயே தெரிந்தது. பெயருக்கென்று அச்சிட்டிருந்த சிறு கட்டங்கள் 20. அவருடைய பெயரோ, தந்தையார் பெயரையும் சேர்த்து ஆங்கிலத்தில் எழுதும்போது 30 எழுத்தைத் தாண்டுவது. கட்டங்கள் முடிந்த பின்னும் அவர் கை நிற்கவில்லை. எழுத்து வலப்பக்கத்துக் கோட்டைக் கடந்து, 'அலுவலகப் பாவனைக்கு மாத்திரம்' என்ற பகுதிக்குள் புகுந்துவிட்டது.

"ஐயா, இது எங்கட பக்கம். இதில நீங்கள் எழுதக்கூடாது" என்றார் சாளரத்துக்கு உட்புறம் இருந்த பெண்.

"பிள்ளை, என்ர பேருக்கு உங்கட கட்டம் காணாது" என்றார் பெரியவர்.

இருவரும் சிரித்தனர். புதிய படிவம் ஒன்று கொடுக்கப்பட்டது. காரியம் அவ்வளவில் முடிந்தது. ஆனால் அந்தப் பெண் தலைநிமிர்ந்து பாராதிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்ற எண்ணம் எனக்குப் பல நாள் நீங்கவில்லை. 'அலுவலகப் பாவனைக்கு மாத்திரம்' என்ற பகுதியில் எழுதப்பட்டிருப்பது எதுவாயினும், அடுத்த மேசையில் இருப்பவர் அதனை அலுவலகத்தின் கட்டளையாகவே கொள்வார். எழுதியவர் நல்லாசிரியராக இல்லாமல் வஞ்சகராக இருந்து, கோட்டைக் கடந்த இடத்தில் 'இவருக்கு அனுமதி வழங்குக' என்று எழுதியிருப்பின், அதுவும் கட்டளையாகவே நிறைவேறியிருக்கும் அல்லவா?

இன்று உலகெங்கும் கணினிப் பாதுகாப்புப் பற்றிப் பேசுவோர் 'இடையக வழிதல்' என்று குறிப்பிடும் குறை இதுவே. 2025 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் ஐந்து நாள் இடைவெளியில் இரண்டு செய்திகள் வெளிவந்தன. 7 ஆந் திகதி, கொள்ளுப்பிட்டிக்கு வடக்கே காலிமுகத்திடலை அடுத்துள்ள ஜனாதிபதி செயலகத்தில் 'கவ்பே' என்னும் கொடுப்பனவு முறை தொடங்கிவைக்கப்பட்டது. அரச நிறுவனங்களுக்குச் செலுத்த வேண்டிய பணத்தை வரிசையில் நில்லாது இணையவழியே செலுத்தலாம் என்பது அதன் பயன். 12 ஆந் திகதி, அமெரிக்காவின் இணையப் பாதுகாப்பு முகவரகமும் அந்நாட்டுப் புலனாய்வுப் பணியகமாகிய எப்.பி.ஐ.யும் சேர்ந்து, மென்பொருள் செய்வோருக்கு ஓர் எச்சரிக்கை விடுத்தன. இடையக வழிதல் இனி மன்னிக்கத்தக்க குறையன்று. அதனைத் தவிர்க்கும் வழிகள் தெரிந்திருந்தும் தவிர்க்காமை பொறுப்பின்மையாகும் என்பது அவ்வெச்சரிக்கையின் சாரம். ஒரு செய்தி, நம் அரசு தன் வாசலை இணையத்தில் அகலத் திறக்கிறது என்று சொல்கிறது. மற்றது, வாசலிலே நிற்கும் காவலன் அளவு பாராது எழுதுபவனாக இருக்கக்கூடும் என்று எச்சரிக்கிறது. இவ்விரண்டையும் சேர்த்துப் படிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வாசற்காவலன் என்று இங்கே சொல்வது 'புரொக்சி' எனப்படும் பதிலாள் மென்பொருளை. நமது பழைய கந்தோர்களிலே பியோன் ஒருவர் இருந்தார். ஐம்பது பேர் தபாற் கந்தோருக்கு ஐம்பது முறை நடவாமல், எல்லோருக்குமாக அவர் ஒருவரே போய்வருவார். இணைய இணைப்பு அரிதாகவும் விலைமிக்கதாகவும் இருந்த காலத்தில் பல்கலைக்கழகங்களும் நிறுவனங்களும் இத்தகைய பதிலாளை நம்பியே இயங்கின. ஒருவர் கேட்ட பக்கத்தைக் கொண்டுவந்து, அதன் பிரதியொன்றைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, அடுத்தவர் கேட்கும்போது உடனே எடுத்துக் கொடுப்பது அதன் தொழில். காலப்போக்கில் அதற்கு எதிர்த்திசையிலும் வேலை கொடுக்கப்பட்டது. வெளியிலிருந்து வருவோர் அனைவரையும் வாசலிலேயே எதிர்கொண்டு, மனுவை வாங்கி, உள்ளே உரிய மேசைக்கு அனுப்பும் வேலை அது. இன்று ஒரு வங்கியின் பக்கத்தையோ பத்திரிகையின் பக்கத்தையோ நாம் திறக்கும்போது, பெரும்பாலும் முதலில் நம்மோடு பேசுவது இத்தகைய வாசற்காவலனே.

இவன் கையிலுள்ள குறிப்பேட்டைப் பற்றிச் சற்று அறிந்துகொள்ள வேண்டும். வருகிறவர் சொல்வதைக் குறித்துக்கொள்ள அவன் தன் நினைவகத்தில் ஓர் இடத்தை ஒதுக்குகிறான். அதுவே இடையகம். 500 எழுத்துக்கு இடம் ஒதுக்கியிருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். வந்தவர் 600 எழுத்து அனுப்புகிறார். அளவு பார்க்கும்படி மென்பொருளை எழுதியவர் சொல்லியிருந்தால், அவன் 500 இல் நிறுத்துவான் அல்லது மனுவையே மறுப்பான். சொல்லாவிட்டால், எஞ்சிய நூறையும் பக்கத்து இடத்தில் எழுதிக்கொண்டே போவான். பக்கத்து இடத்தில் இருப்பது என்ன? பல வேளைகளில், 'இவ்வேலை முடிந்ததும் அடுத்துச் செய்ய வேண்டியது இது' என்னும் குறிப்பே அங்கு இருக்கும். அந்தக் குறிப்பு அழிந்து, வந்தவர் எழுதியது அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பின்னர் அவன் அந்நியனின் கட்டளையைத் தன் எசமானின் கட்டளையாக எண்ணிக் கீழ்ப்படிகிறான். கோட்டைக் கடந்த எழுத்தைக் கண்டு தலைநிமிரும் பெண் அங்கே இல்லை.

இக்குறை நேற்றுத் தோன்றியதன்று. 1970 களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் உருவான 'சி' என்னும் கணினிமொழி, வேகத்தையும் சிக்கனத்தையும் வேண்டிப் பிறந்தது. எல்லையைச் சோதிப்பது எழுதுபவன் பொறுப்பு என்று அது விட்டுவிட்டது. நினைவகம் பொன்னைப்போல அரிதாயிருந்த காலத்தில் அது தவறென்று சொல்வதற்கில்லை. 1988 ஆம் ஆண்டு நவம்பர் 2 ஆந் திகதி, கோர்னெல் பல்கலைக்கழக மாணவர் ரொபேட் மொரிஸ் இணையத்தில் விட்ட சிறு நிரல் ஒன்று, பல வழிகளால் கணினிகளுக்குள் நுழைந்தது. அவற்றுள் ஒன்று, 512 எழுத்துக்கான இடையகத்துக்கு 536 எழுத்தை அனுப்பும் தந்திரம். 24 எழுத்தே மிகை. அக்காலத்து இணையத்தில் ஏறத்தாழ 6,000 கணினிகள் நிலைகுலைந்ததாக மதிப்பிட்டனர். 2001 ஜூலையில் 'கோட் ரெட்' என்னும் நிரல், மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் இணையச் சேவையக மென்பொருளில் இருந்த இதே வகைக் குறையின் வழியாக, 14 மணி நேரத்துக்குள் 359,000 கணினிகளைத் தொற்றியது. அத்துளையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் அதற்கு ஒரு மாதம் முன்னரே வெளியிட்டிருந்தது என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். மருந்து கடையில் இருந்தது. வாங்கி அருந்தியோர் சிலரே.

பதிலாள் மென்பொருளில் இக்குறை இருப்பது ஏனையவற்றில் இருப்பதினும் கொடியது. அந்நியரின் எழுத்தை முதலில் படிப்பவன் அவன். எல்லோருடைய இரகசியமும் அவன் கையைக் கடந்தே செல்கிறது. போதாததற்கு அவன் வேலிக்கு உட்பட்டவன். உள்ளிருப்போரின் நம்பிக்கைக்கு உரியவன். வேலியே பயிரை மேய்ந்தால் என்னும் பழமொழி இவனுக்கென்றே பிறந்தது போலும்.

இவ்வகை மென்பொருள்களுள் பெயர்பெற்றது 'ஸ்குவிட்'. நம் கடற்கரைகளில் விற்கும் கணவாயின் ஆங்கிலப் பெயரே அது. 1996 இல் வெளிவந்து, எவரும் விலையின்றிப் பயன்படுத்தலாம் என்ற முறையில் உலகெங்கும் பரவிய மென்பொருள் இது. வாசலில் நிற்கும் வேலைக்கு அமர்த்தப்படும்போது இதன் இடையகம் வழியக்கூடும் என்று 2020 இன் தொடக்கத்தில் தெரியவந்து, திருத்தமும் வெளியாயிற்று. 2023 ஒக்டோபரில் அதனினும் பெரிய குறையொன்று வெளிப்பட்டது. வருகிறவரின் அடையாளத்தைச் சரிபார்க்கும் ஒரு முறையில், 2 மெகாபைட் வரை அந்நியர் தாம் விரும்பியதை நினைவகத்தில் எழுதிவிட இடமிருந்தது. 'நீ யார்?' என்று கேட்கும் இடத்திலேயே காவலன் ஏமாறினான். 2010 ஆம் ஆண்டளவில் வெளிவந்த பதிப்பிலிருந்தே அக்குறை இருந்துவந்தது. பதின்மூன்று ஆண்டுகள் எவர் கண்ணிலும் படாமலோ, பட்டும் சொல்லப்படாமலோ அது கிடந்தது.

எழுதுவதில் மட்டுமன்று, படிப்பதிலும் எல்லை கடக்கலாம். 'கிளவுட்பிளேர்' என்னும் பெருநிறுவனம் இலட்சக்கணக்கான இணையத்தளங்களுக்கு வாசற்காவல் புரிவது. 2017 பெப்ரவரியில் அதன் காவலர்கள், ஒருவருக்குக் கொடுக்க வேண்டிய பக்கத்தோடு பக்கத்து நினைவகத்தில் இருந்த பிறருடைய செய்திகளையும் சேர்த்துக் கொடுத்துவந்தது தெரியவந்தது. காரணம் மிகச் சிறியது. 'எல்லைக் கோட்டின்மேல் நிற்கிறேனா?' என்று நிரல் கேட்டது. 'கோட்டின்மேலோ கோட்டுக்கு அப்பாலோ நிற்கிறேனா?' என்று கேட்டிருக்க வேண்டும். ஒரு காலடியில் கோட்டைத் தாண்டிவிட்டவன், தான் கோட்டின்மேல் இல்லையென்று கண்டு, மேலும் நடந்துகொண்டே இருந்தான். ஒரு குறியீட்டின் வேறுபாடு பிறர் அந்தரங்கத்தைத் தெருவில் கொட்டிற்று. குறையை அறிந்த நிறுவனம் சில மணி நேரத்துக்குள் அதனை நிறுத்தியது. நடந்ததை விரிவாக எழுதி வெளியிட்டது. செல்வமும் ஆளணியும் உள்ள நிறுவனத்துக்கு அது இயன்றது.

ஸ்குவிட்டின் கதை வேறு. 2021 இல் ஆய்வாளர் ஒருவர் அதன் நிரல் முழுவதையும் ஆராய்ந்து 55 குறைகளைக் கண்டு, உரியோருக்கு அறிவித்தார். இரண்டரை ஆண்டு கழித்து, 2023 ஒக்டோபரில் அவர் அவற்றைப் பொதுவெளியில் வெளியிட்டபோது, 35 குறைகள் திருத்தப்படாமலே இருந்தன. அதனைப் பேணிவந்தோர் சோம்பேறிகள் அல்லர். சிலராய் நின்று, பெரும்பாலும் தொண்டாகவே உழைத்தவர்கள். அந்த ஆய்வாளரே அவர்களுடைய ஆள்பற்றாக்குறையை எடுத்துக்காட்டி, அவர்கள்மேற் குற்றம் சுமத்தாது விட்டார். உலகம் அவர்கள் செய்த பொருளை இலவசமாகப் பெற்றது. பெற்ற பொருளைப் பேணுவதற்குத் திருப்பிக் கொடுத்தது மிகக் குறைவு. ஊர்க் கிணற்றில் எல்லோரும் அள்ளுகிறோம். தூர்வாரும் நாளில் இரண்டு பேரே வருகிறார்கள். இடையகக் குறையின் வேர் நிரலில் இருக்கிறது என்று பொறியியலாளர் சொல்வது உண்மை. ஆனால் அது இத்தனை காலம் வாழ்வதற்கு உரம், பேணுவதற்குப் பணமும் ஆளும் கொடாத நம் வழக்கமே.

இவ்வழக்கத்தின் விலையை இலங்கை கொடுத்திருக்கிறது. 2003 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பட்ட தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம், கொள்ளுப்பிட்டியில் ஆர். ஏ. டி மெல் மாவத்தையில் இயங்கிவந்தது. அரச நிறுவனங்களின் மின்னஞ்சலையும் தரவுகளையும் தாங்கும் 'அரச முகில்' அதன் பொறுப்பில் இருந்தது. 2023 ஓகஸ்டில் அம்முகிலுக்குள் கப்பம் கோரும் நிரலொன்று புகுந்து, கடிதங்களைப் பூட்டிவிட்டது. சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகத்தின் முகவரிகளும் அவற்றுள் அடங்கும். அமைப்பு மீண்டும் இயங்கத் தொடங்கியது. ஆனால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்களுக்குக் காப்புப்பிரதி இல்லை. மூன்று மாதத்துக்கு மேற்பட்ட அரசகருமம் ஏட்டிலிருந்து அழிந்தது.

அந்நுழைவு இடையக வழிதலால் நேர்ந்தது என்று நான் சொல்லவில்லை. பொறுப்பாளர்கள் அன்று பகிரங்கமாகச் சொன்னது வேறு. பயன்பாட்டில் இருந்தது மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் 2013 ஆம் ஆண்டுப் பதிப்பு. அதனைப் புதுப்பிக்க முயன்றும், நிதிப் பற்றாக்குறையாலும் நிருவாகத் தீர்மானங்களாலும் காரியம் தாமதமாயிற்று என்பதே அவர்கள் தந்த விளக்கம். அப்பதிப்புக்கு இனித் திருத்தம் வழங்குவதில்லை என்று அதனைச் செய்த நிறுவனம் குறித்திருந்த நாள் 2023 ஏப்பிரில் 11. அந்நாளுக்குப் பின் கண்டுபிடிக்கப்படும் எந்தத் துளையும் துளையாகவே கிடக்கும். துளை எவ்வகையது என்பது பொறியியலாளர் கேள்வி. அதனை அடைக்க ஏன் எவரும் இல்லை என்பது குடிமக்களின் கேள்வி.

2022 இல் எரிபொருளுக்கும் மருந்துக்கும் வரிசையில் நின்ற நாட்டில், மென்பொருளைப் புதுப்பிக்கப் பணம் எங்கே என்று கேட்பவர் உண்டு. அக்கேள்வியை எளிதாக ஒதுக்க நான் விரும்பவில்லை. வறுமை உண்மையானது. ஆயினும் அழிந்த கடிதங்களை எண்ணிப் பாருங்கள். ஓர் ஆசிரியரின் இடமாற்ற விண்ணப்பமோ, ஒரு விதவையின் ஓய்வூதியக் கேள்வியோ அவற்றில் இருந்திருக்கலாம். இருந்ததா என்று பார்க்கவும் இப்போது வழியில்லை. மனு கொடுத்ததற்குச் சான்று மனு கொடுத்தவரிடமே கேட்கப்படும் நாடு இது. இழப்பு முதலில் எளியவர் தலையிலேயே இறங்கும். ஆதலின், பேணுதல் செல்வருக்குரிய ஆடம்பரம் என்று கொள்வது பிழை. புதிய திட்டத்தைத் தொடங்கிவைக்க விளக்கேற்றும் விழா உண்டு. மூலதனச் செலவில் இடமும் உண்டு. பழைய திட்டத்தைத் திருத்துவதற்கு விழா இல்லை. மீண்டெழும் செலவைக் குறைக்க வேண்டிய நாளில் முதலில் வெட்டுப்படுவதும் அதுவே.

இலக்கியம் பேசும் பக்கத்தில் இது எதற்கு என்று சிலர் நினைக்கலாம். 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது, மறுபிரதியில்லாத ஏடுகள் எத்தனை சாம்பராயின என்பதை நம்மவர் மறந்திலர். அவ்விழப்பின் பின், ஒரே இடத்தில் ஒரே பிரதி இருப்பது ஆபத்து என்பதைக் கற்றோம். 2005 ஆம் ஆண்டு முதல் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் மின்வடிவில் சேர்த்துவரும் 'நூலகம்' போன்ற முயற்சிகள், அப்பாடத்தைச் செயலில் காட்டுவன. அன்று நிகழ்ந்தது கை கொண்டு செய்த கொடுமை. இன்று நாம் அஞ்சவேண்டியது கவனமின்மையையும் ஆகும். நம் கவிதையும் கதையும் வரலாறும் இன்று சேவையகங்களில் வாழ்கின்றன. அவற்றின் வாசலிலும் காவலர்கள் நிற்கிறார்கள். அக்காவலர்கள் எப்பதிப்பினர், கடைசியாகத் திருத்தப்பட்டது எப்போது என்று கேட்பது, நூலகத்துக் கூரை ஒழுகுகிறதா என்று கேட்பதற்கு ஒப்பானது.

செய்யத்தக்கது என்ன? புதிதாக எழுதுவோர், எல்லையைத் தானே சோதிக்கும் மொழிகளில் எழுதலாம். கிளவுட்பிளேர் நிறுவனம் 2022 இல் 'ரஸ்ட்' என்னும் அத்தகைய மொழியில் புதியதொரு பதிலாளை ஆக்கியிருப்பதாக அறிவித்து, இரண்டு ஆண்டில் அதன் நிரலைப் பொதுவுக்கும் வழங்கியது. ஆனால் ஐம்பது ஆண்டாகக் குவிந்த பழைய நிரல் ஒரே நாளில் மாறாது. ஆகவே ஒவ்வொரு நிறுவனமும், தன் வாசலில் நிற்பது எம்மென்பொருள், எப்பதிப்பு என்னும் பட்டியலை வைத்திருக்க வேண்டும். திருத்தம் வெளிவந்தால் எத்தனை நாளில் இடுவது என்பதை விதியாக்க வேண்டும். தேவையற்ற வசதிகளை மூடிவைக்க வேண்டும்; மூடிய கதவின் பூட்டை எவரும் உடைக்க வேண்டியதில்லை. காப்புப்பிரதி ஒன்றேனும் இணைப்புக்கு வெளியே இருக்க வேண்டும். 2023 இன் இழப்புக்குப் பின் அரசும் இதனையே செய்வதாகச் சொன்னது. 2006 இல் தோன்றிய 'சேர்ட்' குழு போன்ற அமைப்புகள் விடும் எச்சரிக்கைகளைப் படிக்கவும் செயற்படுத்தவும் ஒவ்வொரு திணைக்களத்திலும் ஒருவராவது பொறுப்பேற்க வேண்டும். பட்டியலும் விதியும் வைப்பதற்கு வெளிநாட்டு நாணயம் வேண்டியதில்லை.

மாணவருக்கு ஒரு சொல். மொறட்டுவையிலும் பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் கணினி பயில்வோர் பலர் இருக்கின்றீர்கள். ஸ்குவிட் போன்ற மென்பொருளின் நிரல் எவரும் படிக்கத் திறந்தே கிடக்கிறது. அதில் ஒரு குறையைக் கண்டு, திருத்தி அனுப்புதல் தேர்வுக்கு எழுதும் பத்துப் பயிற்சிகளுக்கு மேலான கல்வி. தூர்வாரும் நாளில் வருகின்ற இரண்டு பேர் மூவராகட்டும்.

கொள்ளுப்பிட்டிக் கந்தோரில் அன்று கண்ட காட்சிக்குத் திரும்புகிறேன். அம்முதியவருடைய பெயர் நீளமாயிருந்தது குற்றமன்று. தமிழ்ப் பெயர்கள் நீளமானவை என்பதைப் படிவம் அச்சிட்டவர் எண்ணியிருக்க வேண்டும். எண்ணாவிட்டாலும், சாளரத்தில் இருப்பவர் பார்த்து நிறுத்த வேண்டும். அந்தப் பெண் பார்த்தார். புதிய படிவத்தில் தந்தையார் பெயரை முதலெழுத்தாகச் சுருக்கி எழுதும்படி சொன்னார். பெரியவர் சிறிது தயங்கி, தந்தையை ஓர் எழுத்தாக்கிக் கொடுத்துவிட்டு வெளியேறினார். கட்டத்தை நான்கு அங்குலம் நீட்டி அச்சிட்டிருந்தால் அதுவும் நேர்ந்திராது. அந்தப் படிவம் இன்னும் அப்படியே இருக்கிறது. சென்ற வாரமும் பார்த்தேன்.